பின்வரிசையில் ஒரு போல்ட்

போன மாதம் கட்டாரிலிருந்து பொடியன் போன் எடுத்தான். என் கராஜில் நாலு வருசம் நின்று வேலை பழகியவன். இப்போது அங்கே ஒரு பெரிய வேர்க்‌ஷொப்பில் டீசல் பக்கம் நிற்கிறான். வீட்டுக்கதை, வெயில்கதை, சம்பளக்கதை எல்லாம் முடிந்து போனை வைக்கப்போகிற நேரத்தில் கேட்டான்: "அண்ண, மாஸ்டர்ட கொரோலாவுக்கு ஹெட் இறுக்கேக்க, அந்தப் பின்வரிசை போல்ட்டில கிளிக் வர முதல் கொஞ்ச நேரம் நிண்டனீங்களே. அப்ப கையால என்னத்தப் பாத்தனீங்க?"

என் பதிலைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொன்னதிலிருந்துதான் நித்திரை சரியில்லை.

2022 முடிகிற காலம் அது. அந்த வருசம் எப்படிப் போனது என்று நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இலங்கைக்கு வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றுபோனது. டொலர் ஏறத் தொடங்கியதும் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்காரர் காலையில் சொன்ன விலையைப் பின்னேரம் மறந்துபோவார். எல்லோரும் பழையதையே தட்டிக்கொட்டி உருட்டிக்கொண்டிருந்தோம். மாஸ்டரின் காரும் அப்படித்தான். டொயோட்டாவின் 2சி டீசல் எஞ்சின், இரும்பு புளொக், மேலே சிலிண்டர்களை மூடுகிற அலுமினிய ஹெட். அதோடு பழகியவர்களுக்குத் தெரியும், சூட்டைத் தவிர வேறு எதையும் தாங்கும்.

மாஸ்டர் வீடு திருகோணமலை உப்புவெளிப் பக்கம், கடற்கரை மணல். ரேடியேட்டர் ஒழுக ஒழுக வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஓடியிருக்கிறார். சவர்த் தண்ணீர். கூலன்ட் போடச் சொல்லி எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "தண்ணிதானே தம்பி" என்பார். கந்தளாய் தாண்டி வரும்போது சூடு காட்டுகிற ஊசி சிவப்புக்குப் போயிருக்கிறது. "வீட்டுக்குக் கிட்ட வந்திட்டன்தானே" என்று நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார். கந்தளாய் எங்கே, உப்புவெளி எங்கே.

ஹெட்டைத் தூக்கியதும் மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் தலை மட்டும் புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரிப் பளிச்சென்று இருந்தது. மற்ற மூன்றும் கரி. தண்ணீர் உள்ளே போய், ஆவியாகி, கரியைச் சுரண்டிக்கொண்டு போயிருக்கிறது. ஹெட்டின் அடியில் தண்ணீர்த் துளைகளைச் சுற்றி அலுமினியம் கறையான் தின்ற பலகையாக அரித்துக் கிடந்தது. பொடியன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பா அண்ண?" என்றான். நல்ல கண் அவனுக்கு. இந்தக் கதையின் வில்லங்கமே அவன் கண்தான்.

கழற்றிய விதத்தில் ஒரு பிழையும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். எஞ்சின் முழுக்க ஆறும்வரை ஹெட்டில் கை வைக்கவில்லை. சூட்டோடு கழற்றினால் அலுமினியம் வளைந்துபோகும். டைமிங் பெல்ட்டைக் கழற்ற முதல் புள்ளிகளுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் வைத்தோம். நொசில் குழாய்களைக் கழற்றிய கையோடு வாய்களை டேப்பால் மூடினோம். ஹெட் போல்ட்களை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். பொடியன் பிஸ்கட் பெட்டி அட்டையில் ஓட்டை குத்தி, எந்த போல்ட் எந்த இடமோ அப்படியே அதில் குத்தி வைத்தான். அந்த அட்டை கனநாள் கராஜில் கிடந்தது.

ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, பிரஷர் பார்த்து, வெடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடியைச் சீவிச் சமப்படுத்தக் கொடுத்தேன். டீசல் ஹெட்டை நினைத்தபடி சீவ முடியாது. 23க்கு 1 என்று காற்றைப் பிழிகிற எஞ்சின், பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடையில் மயிரிழைதான். பிஸ்டன் புளொக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து, அதற்கேற்ற தடிப்பில், ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கிற கேஸ்கட்டை எடுப்பித்தேன். கொழும்பு பஸ்ஸில் வந்தது. ஒன்றே ஒன்று. அந்த விலையில் இரண்டு எடுத்து வைக்க நான் யார்?

போல்ட் புதிதாக எடுக்கவில்லை. 2சிக்குப் பழைய போல்ட்டையே போடுவதுதான் இங்கே வழக்கம். நீளத்தையும் புரியையும், அதாவது திருகு வரிகளையும், பார்த்துப் போடுவோம். பார்த்தேனா? பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு பார்த்தேனா என்றால், அங்கேதான் வாய் அடைக்கிறது. சாதாரண நாளில் போல்ட்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பித் தூரிகையால் புரியைத் தேய்த்து, துணியால் துடைத்து வைப்போம். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியிருந்தது. கழுவிக் கறுத்த எண்ணெயிலேயே திரும்பத் திரும்பக் கழுவினோம். புளொக்கில் இருக்கிற துளைகளுக்குள் காற்று அடித்தோம். அதில் குறை வைக்கவில்லை. துளையடியில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கி நின்றால் போல்ட் இறங்கும்போது அதை அமுக்கி புளொக்கையே வெடிக்க வைக்கும்.

மண்ணெண்ணெய் விலையை இங்கே எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு போல்ட்டைத் துடைக்க எத்தனை லீட்டர் வேணும்?

மாஸ்டருக்கு அடுத்த நாள் விடிய யாழ்ப்பாணம் போக வேண்டும். செத்துப்போன மச்சானுக்கு அந்தியேட்டிக் கிரியை. மத்தியானமே வந்து கராஜ் வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு அவசரமும் காட்டவில்லை, நச்சரிக்கவும் இல்லை. அப்படிப்பட்ட ஆள்தான் பெரிய நெருக்கடி.

ஹெட்டை வைத்து, நடுவிலிருந்து வெளியே, மூன்று தரமாக இறுக்கினேன். முதல் இரண்டு தரமும் ஒன்றும் இல்லை. மூன்றாம் தரத்தில் எல்லா போல்ட்டும் கால் சுற்றுக்குள் கனத்து, குறித்த இறுக்கம் வந்ததும் சத்தம் போடுகிற டோர்க் ரென்ச் 'டக்' என்றது. பின்வரிசையில், கியர்பொக்ஸ் பக்கம், கடைசிக்கு முந்தினது மட்டும் கால் சுற்று போய்க் கனக்கவில்லை. அரைச் சுற்றுக்குக் கிட்டப் போனது. வாழைத்தண்டுக்குள் ஆணி இறங்குவது போல ஒரு மெத்து. நான் நிறுத்தினேன். இரண்டு மூன்று செக்கன். பிறகு கொஞ்சம் இழுத்தேன். 'டக்.'

கிளிக் வராமல் இருந்திருந்தால் விசயம் சுலபம். கழற்றித்தான் ஆக வேண்டும். வந்துவிட்டதே!

அந்த நேரம் பார்த்து, லைட் பிடித்துக்கொண்டிருந்த பொடியன் கேட்டான்: "அண்ண, அது மற்றதுகள் மாதிரி இறுகல்ல என்ன?"

மாஸ்டர் பேப்பரை மடக்கினார். "என்ன தம்பி, சரிதானே?"

நான் சொன்னது இவ்வளவும்தான்: "சரி மாஸ்டர். டேய், நீ லைட்ட ஒழுங்காப் பிடி."

இந்த மூன்று வரியை எத்தனை தரம் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்திருப்பேன். பொடியன் அதை மாஸ்டருக்கு முன்னால் கேட்காமல் இருந்திருந்தால், நானே "பொறு, இதை ஒருக்காப் பாப்பம்" என்று சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேனே தவிர, சத்தியம் பண்ண மாட்டேன். மாஸ்டர் "சரிதானே" என்று கேட்டாரே, அந்த "தானே"யிலும் எனக்குக் கோபம் வந்ததுண்டு. "சரியா?" என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்குமோ? பாருங்கள், யார் யாரிலெல்லாம் பழி போடுகிறேன் என்று.

அந்த மெத்து என்னவாக இருந்திருக்கும்? புரியில் அழுக்கு இருந்து, அது நசிந்து வழி விட்டிருக்கலாம். அப்படியென்றால் போல்ட் தன் இடத்துக்குத்தான் போயிருக்கிறது, நல்லது. போல்ட் சூட்டில் தன் பலத்தை விட்டு இழுபட்டிருக்கலாம். அப்படியென்றால் கிளிக் வந்ததிலே அர்த்தமில்லை. டோர்க் ரென்ச்சுக்குத் தெரிந்தது திருப்புகிற கனம் மட்டும்தான். ஹெட்டை அது எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்பது அதற்குத் தெரியாது. புளொக் புரி போயிருக்கலாம், ஆனால் இரும்பு புளொக்கில் அது அபூர்வம். மூன்றில் எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்த போல்ட்டை வெளியே எடுத்துப் பார்ப்பது.

ஹெட்டை முழுக்கக் கழற்ற வேணும், கேஸ்கட் நாசமாகும், இன்னொன்று வர மூன்று நாள், மாஸ்டரின் அந்தியேட்டி போய்விடும் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கராஜுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு லைட்ஏஸ் வானின் செத்த 2சி கிடந்தது, போல்ட்கள் எல்லாம் அதிலேயே. மற்றவை இறுகி நிற்க, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, அங்கிருந்து நல்லதொன்றைக் கழுவிக்கொண்டு வந்து போட்டிருக்கலாம். கால் மணித்தியால வேலை. இது எனக்கு உதித்தது அன்று இரவு பத்தரைக்கு, சோற்றுக்கோப்பையில் கை வைத்தபோது. மாஸ்டர் அப்போது வீட்டில் பயணப் பையை அடுக்கிக்கொண்டிருப்பார். போன் எடுக்கலாம்தான். எடுக்கவில்லை.

வழக்கமாக ஹெட் வேலை முடித்தால் கன்னியா வரைக்கும் ஓடிப் போய் வந்து, ஆறவிட்டு, தண்ணீர் மட்டம் பார்த்துத்தான் கொடுப்பேன். அந்த நாளில் கியூஆர் பங்கீட்டில் கிடைத்த டீசலில் அதெல்லாம் ஆடம்பரம். மூன்றாம் கட்டைவரை ஓடிவிட்டுத் திரும்பினோம். ஸ்டார்ட் அருமை. வெள்ளைப் புகை இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு குமிழி இல்லை. மாஸ்டருக்கு மட்டும் சொன்னேன்: "போய் வந்து ஒருக்காக் காட்டிட்டுப் போங்கோ மாஸ்டர்." எல்லா ஹெட் வேலைக்கும் சொல்வதுதான். அன்றைக்கு அதற்குள் வேறொன்றும் இருந்தது. அவருக்குத் தெரியாது.

அவர் போய் வந்தார். ஊசி பாதிக்கு மேல் ஏறவில்லையாம். ஒரு குட்டான் பனங்கட்டி கொண்டுவந்து, "உங்கட கைக்குத் தம்பி" என்று மேசையில் வைத்தார். மூடியைத் திறந்தேன், தண்ணீர் மட்டம் அப்படியே. ஒயில் குச்சியில் தண்ணீர் கலந்த பால் நிறம் இல்லை. எல்லாம் பார்த்தேன், அந்த போல்ட்டை மட்டும் பார்க்கவில்லை. மேல் மூடியைக் கழற்றி ரென்ச்சைப் போட்டிருந்தால் ஒரு நிமிசத்தில் தெரிந்திருக்கும். கையை அந்தப் பக்கம் கொண்டுபோனேன், கொண்டுவந்துவிட்டேன். போல்ட் திரும்பினால் என்ன செய்வது என்கிற பயம். பனங்கட்டியைப் பொடியன்தான் தேத்தண்ணிக்குக் கடித்துக் கடித்து முடித்தான்.

மாஸ்டர் பிறகு அந்தக் காரை மூதூரில் யாருக்கோ விற்றுவிட்டார். இன்னும் ஓடுகிறது. டவுனுக்குள் கண்டால் பின்னால் போய்ப் புகையைப் பார்க்கிறது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மனுசி பக்கத்தில் இருந்தால், "ஆரிட கார் அது, இப்பிடித் துரத்துறீங்க" என்பாள். இப்போது வைத்திருப்பவரை நிறுத்தி "அண்ணன், உங்கட எஞ்சினில ஒரு போல்ட்டில எனக்குச் சந்தேகம்" என்று சொல்ல வேணுமா? ரெண்டரை வருசம் தாங்கின போல்ட்டைப் பற்றி? அவர் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார். ஆகவே அது அழுக்குத்தான், நான் செய்தது சரிதான் என்று சில நாள் முடிவு கட்டுவேன். அடுத்த நாள் புதிதாக வந்த பொடியனிடம், கை வித்தியாசமாகச் சொன்னால் நிறுத்து, ஆர் நிண்டாலும் நிறுத்து என்று சொல்வேன்.

பழைய பொடியன் அந்தக் கேள்வியைக் குற்றம் பிடிக்கக் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அங்கே தான் ஹெட் இறுக்கும்போதும் சில போல்ட்டில் அப்படி மெத்தென்று வருவதுண்டாம். என்னைப் போலவே ஒரு செக்கன் நின்று, பிறகு இழுப்பானாம். "ஆனா நீங்க எதுக்கு நிண்டனீங்க எண்டு எனக்குப் பிடிபடல்ல அண்ண. சத்தம் கேட்டீங்களா, கையில ஏதும் விளங்கினதா?"

நான் நின்றது பயத்தில். அவன் அதை ஒரு தொழில் நுணுக்கம் என்று இத்தனை வருசமாய்ப் பொத்தி வைத்திருக்கிறான். லைட்டை ஒழுங்காப் பிடி என்று நான் ஏசியதுகூட அவனுக்கு நினைவில்லை.

"அது கைப்பழக்கம்டா" என்றேன்.

"அதுதான் அண்ண," என்றான். "இஞ்ச புதுசா வந்த நேபாளப் பொடியனுக்கும் நான் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறன்."