மணப்பாட்டுக் குருசடியில் ஒரு புத்தாண்டுக் காலை

கடந்த ஆகஸ்டு மாதத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலக்கையும் பேச்சும் ஒரே இரவில் ஓய்ந்துபோயின. மருத்துவமனை வராந்தாவில் செபமாலையோடு அமர்ந்திருந்த அம்மா, "இவரை எழுப்பி நடக்க வையும் ஆண்டவரே, வருசத்தின் முதல் நாளில் மணப்பாட்டுக் குருசடியில் கொண்டுவந்து முழங்காலிட வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டார்கள். திருச்செந்தூருக்கு அப்பால், மணப்பாடு என்ற கடலோர ஊரின் மணல்மேட்டின்மேல் நிற்கும் சிலுவைக் கோயில்தான் அந்தக் குருசடி. டிசம்பருக்குள் அப்பா கோலூன்றி நடந்துவிட்டார்கள். பேச்சு மட்டும் குழறலாகவே இருந்தது.

தூத்துக்குடியில் எங்கள் பங்குக் கோயிலில் நள்ளிரவுத் திருப்பலி கண்டுவிட்டு, உறங்காமலே விடியற்காலையில் புறப்பட்டோம். ஜனவரி 1 அன்று வாசிக்கப்படும் லூக்கா நற்செய்தி, எட்டாம் நாளில் குழந்தைக்கு இயேசு என்று பெயரிட்டதோடு முடிகிறது. ஆண்டின் முதல் நாளிலேயே அந்தத் திருப்பெயரைக் காதில் வாங்கிவிட்டுத்தான் மற்ற எதையும் தொடங்குகிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

திருச்செந்தூரை நெருங்கியதும் வண்டி ஊர்ந்தது. பச்சை உடுத்திய பாதயாத்திரை பக்தர்கள் சாலை முழுவதும் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களால் எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. வெயிலில் வாடியிருந்த அப்பாவைப் பார்த்து, ஒரு பெரியவர் தம் தண்ணீர்ப் பாட்டிலை ஜன்னல் வழியே நீட்டினார். வேதனை தந்தவர் எங்கள் ஓட்டுநர்தான். பேசிய வாடகைக்கு மேல் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கூட்டத்தைக் காரணம் காட்டி மேட்டுக்கு வெகுதூரத்திலேயே எங்களை இறக்கிவிட்டார். மணலில் கோல் புதையப் புதைய அப்பா நடந்ததை இப்போது நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை. கோயிலுக்குள்ளும் செபிக்க வந்தவர்களைவிடப் படம் பிடிக்க வந்தவர்களே அதிகமாக இருந்தார்கள்.

ஆனாலும் அந்த மேடு மேடுதான். புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசியக் கப்பலின் தலைவர், உயிரோடு கரை சேர்ந்தால் ஒடிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நிறுத்துவேன் என்று நேர்ந்து, 1540-இல் அதை இங்கே நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1542-இல் வந்த புனித சவேரியார் மேட்டின் கீழுள்ள குகையில் தங்கிச் செபித்தார். 1581-இல் மேட்டின்மேல் கோயில் எழுந்தது. அந்தச் சிலுவையே ஒரு நேர்ச்சைதான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

பீடத்தின் முன்னால் தம்பியும் நானும் இரு பக்கமும் தாங்கிக்கொள்ள, அப்பா மெல்ல முழங்காலிட்டார்கள். அம்மா அருகில் முழங்காலிட்டு, அசையாத அந்த வலக்கையைத் தம் கையில் எடுத்து அப்பாவின் நெற்றிக்கும் நெஞ்சுக்கும் இரு தோள்களுக்கும் கொண்டுபோனார்கள். வலத் தோளில் கை நின்றபோது, நான்கு மாதங்களாகக் குழறிய நாவிலிருந்து "இயேசுவே" என்று ஒரு சொல், எழுத்து எழுத்தாக, தெளிவாக வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிடித்த கையை விடாமல் அப்படியே குனிந்து அழுதார்கள். எவ்வளவு நேரம் அங்கே இருந்தோம் என்பது எனக்கு நினைவில்லை. எழுதிவைத்துக் கொண்டுபோன விண்ணப்பங்களில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை; ஸ்தோத்திரம், ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்பதற்கு மேல் வாய் எழவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின் அப்பாவின் பேச்சு மறுபடியும் குழறலாகிவிட்டது. அதனால் என்ன, எங்கள் வீட்டின் புத்தாண்டு அந்தப் பெயரோடு பிறந்துவிட்டதே! ஆண்டவரே, உமக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்வோம்!

திரும்பும் வழியில் சவேரியார் குகைக்கு இறங்கினோம். கடலோரத்தில் இருந்தும் உப்புக் கரிக்காத அங்குள்ள கிணற்றுத் தண்ணீரை, வழியில் பெரியவர் கொடுத்த பாட்டிலிலேயே அம்மா நிரப்பிக்கொண்டார்கள். இப்போது தினமும் காலையில் மருந்தோடு அதில் ஒரு மடக்குக் கொடுக்கிறார்கள். குடிக்கும் முன் அப்பா இடக்கையால் வலக்கையைத் தூக்கி, தாமே சிலுவை போட்டுக்கொள்கிறார்கள்.