முதலில் வாயால் சொல்லட்டும்

15 வயதுக்கு மேற்பட்டோருக்காக 2022 முதல் நடந்துவரும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் எழுத்தோடு எண்ணறிவையும் கற்பிக்கிறது. ஆயினும், கணக்கு என்றாலே வாய்மூடி எழுதுவதுதான் என்ற பழக்கம் இன்னும் போகாதது எனக்கு வருத்தமே. கிலோ 36 ரூபாய்த் தக்காளியில் முக்கால் கிலோ என்ன விலை என்று கேட்டால், வகுப்புக்கு வரும் காய்கறிக்கார அக்கா, "அரைக் கிலோ பதினெட்டு, கால் கிலோ ஒம்பது, ஆக இருபத்தேழு" என்று நொடியில் சொல்லிவிடுவார்; அதையே பின்னமாக எழுதிக் காட்டினால் தயங்குவார். ஆகவே, "எப்படிக்கா போட்டீங்க?" என்று கேட்டு, அவர் சொன்னபடியே 18 + 9 = 27 எனப் பலகையில் எழுதிய பிறகே பெருக்கலுக்குப் போக வேண்டும். பக்கத்திலிருப்பவர், "நான் முப்பத்தாறுல ஒம்பதைக் கழிச்சேன்" என்பார். இரண்டு வழிக்கும் ஒரே விடை ஏன் வருகிறது என்று அவர்களே பேசித் தீர்க்கட்டும். அந்தச் சலசலப்பை ஆசிரியர் அடக்கக் கூடாது.