சிலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்

வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு முப்பது அடிக் கல் சிலை இருக்கிறதல்லவா, அதை வைக்க வேண்டும் என்று முதலில் கிளம்பியது அரசாங்கம் இல்லை. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற கறுப்பின ஃப்ரட்டர்னிட்டிதான், அதாவது கல்லூரி மாணவர்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் சகோதரச் சங்கம். கிங்கும் பாஸ்டனில் படிக்கும்போது 1952-ல் அதில் சேர்ந்தவர். 1984-ல் சங்கத்துக்காரர்கள் பேச்சை எடுத்து, 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் அனுமதி வாங்கி, நன்கொடை திரட்டித் திரட்டி 2011-ல்தான் திறக்க முடிந்தது. ஃப்ரட்டர்னிட்டி என்றாலே பீர், கூத்து என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆனால் எனக்குச் சிலையைவிடப் பெரிதாகப் படுவது இவர்கள் ஓட்டுரிமைக்காக அலைந்ததுதான். 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆரம்பித்த சங்கம் இது. வெள்ளைக்கார மாணவர் சங்கங்களில் இவர்களுக்கு இடமில்லை, ஒருவருக்கொருவர் துணையாக இருந்தால்தான் படிப்பை முடிக்கவே முடியும் என்ற நிலைமை. தாங்கள் கரையேறியதும் ஊர்ப் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகச் சொல்லி இயக்கம் நடத்தினார்கள். அப்புறம் 1930-களில், ஓட்டில்லாத மக்கள் நம்பிக்கையில்லாத மக்கள் என்ற கோஷத்தோடு கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிய வைக்க இறங்கினார்கள். அன்றைய தென் மாநிலங்களில் அது லேசுப்பட்ட காரியமா? ஓட்டுப் போடவே தனி வரி, அதைக் கட்டினாலும் சில இடங்களில் அரசியல் சாசனத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து அர்த்தம் சொல் என்பார்கள், சொன்னது சரியா தப்பா என்று தீர்மானிப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பதிவாளர்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிதாகச் சேருகிறவர்களை வதைக்கும் பழக்கம் இந்த மாதிரிச் சங்கங்கள் எல்லாவற்றையும் பிடித்த நோய், 1990-ல் கறுப்பின ஃப்ரட்டர்னிட்டிகள் பழைய சேர்ப்பு முறையையே தடை செய்தும் முழுசாகப் போகவில்லை.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் மேரிலாண்ட் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காது. டொனால்ட் கெய்ன்ஸ் மர்ரே என்ற மாணவருக்காக வழக்குப் போட்டபோது சங்கமும் அதற்குத் துணை நின்றது. வாதாடியவர்களில் ஒருவரான தர்குட் மார்ஷலும் இதே சங்கத்துக்காரர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். 1936-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். மர்ரே அங்கேயே படித்து 1938-ல் பட்டம் வாங்கினார்.