கூறியது கூறல் எனக்கு விளங்கிய விதம்

ஏ.எல். (உயர்தரப்) பரீட்சைக்கு அளவையியல், அதாவது வாதங்களைச் சோதிக்கும் பாடம், எடுத்தது, பாடமாக்க வேண்டியது குறைவு என்று யாரோ சொன்னதை நம்பித்தான். முதல் மூன்று கிழமையும் வெள்ளவத்தை ரியூசன் வகுப்பில் ஒன்றும் விளங்காமல் கொப்பியை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

முட்டிய முதல் இடம் 'வாய்ப்பு' என்ற சொல். வாய்ப்பான வாதம் என்றால் உண்மையான வாதம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சேர் பலகையில் எழுதினார்: "வெள்ளவத்தையில் இருப்பவர்கள் எல்லாரும் பணக்காரர். நீர் வெள்ளவத்தையில் இருக்கிறீர். ஆகவே நீர் பணக்காரர்." போர்டிங் காசு இரண்டு மாதம் பாக்கி வைத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. பிழை என்றேன். "எடுகூற்றுத்தான் பிழை, வாதம் வாய்ப்பானது" என்றார். எடுகூற்று என்றால் முடிவுக்கு ஆதாரமாக முன்னால் வைக்கும் கூற்று. எடுகூற்றுகள் உண்மை என்று வைத்துக்கொண்டால் முடிவு பொய்யாக வழியில்லை, அவ்வளவுதான் அதன் பொருள். அவை நிசமாகவே உண்மையா என்று பார்ப்பது வேறு வேலை.

அடுத்தது: "மழை பெய்தால் 100ஆம் இலக்க பஸ் பிந்தும். பஸ் பிந்திவிட்டது. ஆகவே மழை பெய்தது." அன்று நல்ல மழை, மூன்று வசனமும் உண்மை. ஆனாலும் வாய்ப்பற்றது. காலி வீதி நெரிசலில் பஸ் பிந்துவதற்கு மழை எதற்கு?

அப்புறம் உண்மை அட்டவணை. 'மழை பெய்யும்', 'பஸ் பிந்தும்' போன்ற எளிய கூற்றுகள் உண்மையாகவோ பொய்யாகவோ வரக்கூடிய எல்லா விதத்தையும் வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரியிலும் முழுக்கூற்று உண்மையா பொய்யா என்று பார்ப்பது அது. 'எனின்' வரும் கூற்றில் ('மழை பெய்தால் பஸ் பிந்தும்' போன்றது) முன்பகுதி பொய்யானால் முழுக்கூற்றும் உண்மை என்பது மட்டும் தொண்டையில் நின்றது. தீர்த்து வைத்தது போர்டிங் அன்ரி. "மழை பெய்தால் இரவைக்குக் கொத்து வாங்கித் தாறன்" என்றா. மழை பெய்யவில்லை, ஆனாலும் வாங்கி வந்தா. அன்ரி பொய் சொன்னா என்று யாராவது சொல்ல முடியுமா? மழை பெய்தும் கொத்து வராவிட்டால்தான் சண்டை. அந்த ஒரு வரிக்கு மட்டும் 'பொ' (பொய்), மற்ற மூன்றுக்கும் 'உ' (உண்மை).

கூறியது கூறல் வேறு விதமாகக் குழப்பியது. நன்னூலில் அது பத்துக் குற்றங்களில் ஒன்று. அளவையியலிலோ, உண்மை அட்டவணையின் எந்த வரியிலும் பொய்யாகாத கூற்றுக்கு அந்தப் பெயர். "மழை பெய்யும் அல்லது பெய்யாது" என்றால் வானிலை பற்றி ஒரு செய்தியும் இல்லை, ஆனால் ஒருக்காலும் பிழைக்காது. உண்மை அட்டவணையில் சோதிக்கும் வாதத்தின் எடுகூற்றுகளை இணைத்து, 'எனின்' போட்டு, முடிவைச் சேர்த்து ஒரே கூற்றாக்கினால், அது கூறியது கூறலாக வரும்போதுதான் வாதம் வாய்ப்பானது. இரண்டு பாடம் என்று நினைத்தது ஒன்றாகிவிட்டது.

பஸ் வாதத்தை அப்படிப் போட்டேன். மழை பொய், பிந்துவது உண்மை என்ற வரியில் எடுகூற்று இரண்டும் உண்மை, முடிவு பொய். மூன்று 'உ', ஒரு 'பொ'. முதல் வசனத்தை அப்படியே விட்டு, மற்றதை "மழை பெய்தது, ஆகவே பஸ் பிந்தும்" என்று மாற்றிப் போட்டால் நாலும் 'உ'.

எளிய கூற்று மூன்றென்றால் 8 வரி, நாலென்றால் 16. அடிமட்டம் வைத்துக் கோடு போடாமல் தொடங்காதீர்கள். மாதப் பரீட்சையில் நான் 11ஆம் வரியை விட்டுவிட்டேன். 'பொ' இருந்தது அந்த வரியில்தான்.