கடலுக்கு முதுகு காட்டும் சாலைகள்

கோஸ்டா பிளாங்காவுக்கு மிதிவண்டியுடன் வரும் பலரைப் போல நானும் முதல் நாள் கடலை ஒட்டியே ஓட்ட ஆசைப்பட்டேன். ஸ்பெயினின் கிழக்குக் கரையில் தெனியா, கல்பே, அல்தெயா ஆகிய ஊர்கள் இருக்கும் பகுதியில் என்-332 நெடுஞ்சாலை வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்பேயைத் தாண்டி, மஸ்கராத் மலையிடுக்கில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து, பின்னால் வரும் லாரியின் இரைச்சல் சுவரில் மோதித் திரும்பக் கேட்ட பிறகுதான் புத்தி வந்தது. 2020 ஜனவரி 1 முதல் இணையான ஏ.பி.-7 விரைவுச்சாலையில் சுங்கம் நீக்கப்பட்டதால் தொலைதூர வண்டிகள் பல அங்கே போய்விட்டன என்பது உண்மையே. ஆனாலும் ஊருக்கு ஊர் செல்லும் கார்களும் சரக்கு வண்டிகளும் இந்தச் சாலையைத்தான் நம்பியிருக்கின்றன. கடலை ரசிக்கும் மனநிலை அங்கே வாய்க்காது.

மறுநாள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே திரும்பினேன். மரினா அல்தா என்று அழைக்கப்படும் இந்த வட்டாரத்தில், கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போனாலே மலைகள் எழுந்து பள்ளத்தாக்குகளாகப் பிரிந்துவிடுகின்றன. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு சாலை. நல்ல தார், குறைந்த வண்டிகள், கேட்பதற்கு நம் சங்கிலியின் ஓசை மட்டுமே.

இந்தப் பகுதியின் பெயர்பெற்ற ஏற்றம் கோல் தெ ராத்தெஸ். பர்செந்த் என்ற ஊரிலிருந்து 628 மீட்டர் உயரமுள்ள கணவாய்க்கு ஏறத்தாழ 6.5 கிலோமீட்டர், சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்தரை மீட்டர் ஏறும், முதல்முறை வருபவரையும் பயமுறுத்தாத சீரான பாதை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஐரோப்பாவின் தொழில்முறை அணிகள் பல கல்பே, அல்தெயா பக்கம் முகாமிடுவதால், தொலைக்காட்சியில் பார்த்த சீருடைகள் நம்மைச் சிரமமில்லாமல் கடந்து செல்வதைப் பார்க்கலாம். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அமைதி தேடி வந்தவருக்கு அது உரிய இடமன்று. உச்சியிலிருந்து அந்தப் பக்கம் இறங்கித் தார்பெனாவுக்குப் போனால் கூட்டம் குறைந்துவிடும். அந்த ஊரார் பேசும் வாலென்சிய மொழியில் இன்றும் மயோர்காத் தீவின் சாயல் இருக்கிறது. கடலுக்கு அப்பாலிருக்கும் ஒரு தீவின் பேச்சு மலையுச்சிக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கான விடையில்தான் இந்தச் சாலைகளின் அமைதிக்கும் பாதி விளக்கம் இருக்கிறது.

இந்த மலைகளில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்கள் முஸ்லிம்கள். பின்னாளில் கட்டாயமாகக் கிறித்தவராக்கப்பட்டு மொரிஸ்கோக்கள் எனப்பட்டவர்கள். 1609இல் மூன்றாம் பிலிப் மன்னர் அவர்களை நாடு கடத்த ஆணையிட்டபோது, ஆயிரக்கணக்கானோர் லாகுவார் பள்ளத்தாக்கில் காவல் வெர்த் மலைமீது ஏறி நின்று கடைசியாக எதிர்த்துத் தோற்றார்கள். பெருந்தொகையானோர் தெனியா துறைமுகத்திலிருந்து வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். வெறுமையான ஊர்களில் சிலவற்றுக்கு மயோர்காவிலிருந்து குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. சில ஊர்கள் வெறுமையாகவே நின்றுவிட்டன. இருபதாம் நூற்றாண்டில் கடற்கரையில் ஓட்டல்கள் எழும்பியபோது மலையில் எஞ்சியிருந்த இளைஞர்களும் இறங்கிப் போனார்கள். வயலும் வீடும் பள்ளியும் இருந்த காலத்தின் தேவைக்காக அமைந்த தடங்கள் தாரிட்ட சாலைகளாக நிற்க, அவற்றில் போகவேண்டியவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். நான் அனுபவிக்கும் அமைதி ஒருவகையில் மற்றவர்களின் இழப்பு என்பதை மறந்துவிட்டு இங்கே மிதிக்க என்னால் முடிவதில்லை.

நான் திரும்பத் திரும்பப் போகும் சுற்று பெகோவில் தொடங்கிப் பெகோவிலேயே முடிகிறது. ஐம்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஊரைவிட்டு வெளியேறியதும் சி.வி.-712 சாலை மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். எட்டுக் கிலோமீட்டர் அளவில் 500 மீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும். கீழே ஆரஞ்சுத் தோட்டங்கள், அவற்றுக்கப்பால் நெல் விளையும் பெகோ–ஒலிவா சதுப்புநிலம், அதற்கும் அப்பால் கடல் என்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒன்று கூடுதலாகத் தெரியும். மேலே வந்ததும் காட்சி சட்டென மறைந்து, கல்லும் புதருமான மேட்டுநிலம் விரிகிறது. அங்கிருந்து இறங்கினால் எபோ. 200 பேர் அளவில் வாழும் ஊர்.

2022 ஆகஸ்ட் 13 அன்று இந்த எபோ பள்ளத்தாக்கில் விழுந்த மின்னல் மூட்டிய தீ சுமார் 12,000 ஹெக்டேரை எரித்தது. கருகிய பைன் மரங்களின் அடிக்கட்டைகளைச் சாலையோரங்களில் இன்னும் காணலாம். தீக்குப் பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது: புதர் மூடியிருந்த சரிவுகள் முழுக்கச் சுண்ணாம்போ மண்ணோ பூசாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய வரப்புச் சுவர்கள். யாரோ பாதாமும் ஒலிவமும் வளர்த்த படிக்கட்டு வயல்கள் அவை. ஒரு தலைமுறை விட்டுப்போனதும் புதர் ஏறுகிறது, புதர் ஏறிய மலையில் தீ எளிதில் ஓடுகிறது.

எபோவிலிருந்து மீண்டும் ஏற வேண்டும். அல்கலா தெ ல ஜோவாதா 600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், இந்தப் பகுதியைக் கைப்பற்றிய அரகான் மன்னர் முதலாம் ஜாய்மேயை எதிர்த்துக் கிளர்ந்த முஸ்லிம் தலைவர் அல்-அஸ்ரக்கின் ஊர் இது. 1276இல் அவர் அல்கோய் நகரருகே மாண்டார். ஊருக்கு அருகில் அட்சுவியேத்தா என்ற கைவிடப்பட்ட மொரிஸ்கோ ஊரின் சுவர்கள் நிற்கின்றன. கூரையில்லாத வீடுகளுக்கு நடுவே வண்டியைச் சாய்த்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு காரும் போகவில்லை. பக்கத்திலேயே பனிக்கிணறு ஒன்றும் இருக்கிறது. குளிர்காலத்தில் பெய்த பனியை வட்டமான ஆழ்குழிக்குள் அழுத்திச் சேமித்து, கோடையில் கோவேறு கழுதைகள்மீது இரவோடு இரவாகக் கரைக்குக் கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள். பனிக்கட்டி ஆலைகள் வந்ததும் அந்தப் பிழைப்பும் போயிற்று.

மர்கரீதா ஊரைக் கடந்து சி.வி.-700ஐத் தொட்டதும் வலப்புறம் திரும்பினால் காலினேரா பள்ளத்தாக்கு. பெனிசிலி, பெனிதாயா, பெனியாலி, பெனிராமா என்று இங்குள்ள எட்டு ஊர்களில் பலவற்றின் பெயர் ‘பெனி’யில் தொடங்குகிறது, இன்னாரின் மக்கள் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லின் எச்சம். மக்கள் போய் நானூறு ஆண்டுகளாகியும் பெயர்ப்பலகைகளில் அவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சுற்றை எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. காலையில் எபோ ஏற்றத்தில் கிழக்கு வெயில் முதுகை இதமாக்குகிறது. மாலையில் காலினேரா வழியே கிழக்கே இறங்கும்போது சூரியன் பின்னால் இருப்பதால் நமக்கும் கண் கூசாது, நம்மைக் கடக்கும் ஓட்டுநருக்கும் கூசாது. மிதிவண்டியைக் கடக்கும் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் விலக வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். இங்குள்ளவர்கள் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே விலகுகிறார்கள், நேர்க்கோடு வரும்வரை பொறுமையாகப் பின்னாலேயே வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஊர் எல்லைக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். மழைக்கு மறுநாள் இறக்கங்களில் சரளைக்கல் கிடக்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்துவிடுவது நல்லது. தண்ணீர் ஊர்க் குழாய்களில் கிடைக்கும், ஆனால் எல்லா ஊரிலும் கடை இருக்காது; ஒருமுறை எபோவில் எதுவும் திறந்திராததால் பையிலிருந்த ஒரே வாழைப்பழத்தை இரண்டு மலைகளுக்குப் பங்கிட வேண்டியதாயிற்று.

அன்று கற்ற பாடத்தால் இப்போது எஸ்மோர்சார் நேரத்தைக் கணக்கிட்டே புறப்படுகிறேன். காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையே வாலென்சியா மக்கள் உண்ணும் இந்த வேளை, வார இறுதிகளில் மிதிவண்டிக்காரர்களின் வேளை என்றே சொல்லலாம். முழ நீள ரொட்டிக்குள் ஆம்லெட்டோ தொத்திறைச்சியோ, பக்கத்தில் வேர்க்கடலையும் ஒலிவக்காயும், முடிவில் ரம்மைக் கொளுத்திக் காப்பியுடன் சேர்க்கும் கிரெமாயெத். கிரெமாயெத் குடித்துவிட்டு மலையிறங்குவது எனக்கு உடன்பாடில்லை. வெறும் காப்பியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் ஜாலோ பக்கம் பாதாம் பூத்திருக்கும். மார்ச் இறுதியை ஒட்டிக் காலினேராவில் செர்ரி மரங்கள் வெள்ளையாகும். ஜூலை, ஆகஸ்டில் விடியுமுன் கிளம்ப முடியாதவர் வராமலிருப்பதே மேல். எனக்கு உகந்தது மே இறுதி. செர்ரி பழுத்திருக்கும், சாலையோரத்தில் வாங்கலாம். சட்டையின் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு போனால் பெகோ சேர்வதற்குள் நசுங்கி முதுகெல்லாம் சிவப்பாகிவிடும் என்பதால், வாங்கிய இடத்திலேயே மதகுச் சுவரில் உட்கார்ந்து தின்று தீர்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.