மவுண்ட் வெர்னன் மாளிகையின் அட்டை மாதிரி: இதுவரை நடந்த வேலை

வர்ஜீனியாவில் பொட்டோமாக் ஆற்றங்கரை மேட்டில் நிற்கும் ஜார்ஜ் வாஷிங்டனின் மாளிகையை, எட்டு அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அட்டையில் செய்துவருகிறேன். முழு வீட்டையும் ஒரேயடியாக வெட்டி ஒட்டாமல், எவர் காலத்தில் எந்தப் பகுதி எழுந்ததோ அந்த வரிசையிலேயே கட்டுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

முதலில் செய்தது, ஜார்ஜின் தந்தை அகஸ்டின் 1734-இல் கட்டிய சிறிய ஒன்றரை மாடி வீடு. மூத்த மகன் லாரன்ஸ், தாம் பணியாற்றிய கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னனின் பெயரை அந்த இடத்துக்குச் சூட்டினார். லாரன்ஸ் இறந்தபின் அவருடைய மனைவியிடமிருந்து 1754-இல் அதைக் குத்தகைக்கு எடுத்த ஜார்ஜ், 1758 வாக்கில் கூரையை உயர்த்தினார். 1774 முதல் இருபுறமும் வீட்டை நீட்டினார். இந்த வரிசையில் ஒட்டிய பிறகுதான் முன்புறச் சன்னல்கள் ஏன் சமச்சீராக இல்லை என்பது விளங்கியது. முதல் முறை அவற்றைச் சம இடைவெளியில் வெட்டிவிட்டு, அந்தச் சுவர் முழுவதையும் மறுபடி செய்தேன்.

சுவரின் மேற்பரப்புக்கே அதிக நாள் பிடித்தது. பார்வைக்குக் கல்லாகத் தெரியும் அச்சுவர் உண்மையில் பைன் மரப் பலகை. ஓரங்களைச் சரிவாகச் செதுக்கி, ஈர வண்ணத்தின்மேல் மணலைத் தூவிக் கல்போலத் தோன்றச் செய்திருக்கிறார்கள். ஆற்று மணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்துத் தூவினேன். அந்த அளவிலான மாதிரிக்கு அது கூழாங்கல்லைப் போலத் தெரிந்தது. மெல்லிய துணியில் மீண்டும் சலித்தபின்தான் சரியாக அமைந்தது.

ஆற்றைப் பார்த்த, எட்டுத் தூண்கள் கொண்ட உயர்ந்த தாழ்வாரம் இப்போது முடிந்திருக்கிறது. இந்தப் பண்ணையில் 1799-இல் 317 அடிமைகள் இருந்தனர். வாஷிங்டனுக்கு உரிய 123 பேர் அவருடைய உயிலின்படி விடுதலை பெற்றனர். அவருடைய மனைவி மார்த்தாவின் முதல் கணவர் சொத்தின் வழியாக வந்த 153 பேருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே, தாவரக் கண்ணாடி மனையை ஒட்டியிருந்த அடிமைகளின் செங்கல் குடியிருப்பையும் கட்டாயம் வைக்கிறேன். அதை விட்டுவிட்டு மாளிகையை மட்டும் நிறுத்துவது சரியான வரலாறு ஆகாது. 1835-இல் தீக்கிரையான அக்கட்டடம் இருபதாம் நூற்றாண்டில்தான் மீண்டும் எழுப்பப்பட்டது.

அடுத்து வந்த உரிமையாளர்களில் ஜார்ஜின் தம்பி மகனும் உச்ச நீதிமன்ற நீதிபதியுமான புஷ்ராட் 1829 வரை வாழ்ந்தார். விளைச்சல் குன்றிய நிலத்தின் வருவாய் பராமரிப்புக்குப் போதவில்லை. பழைய கப்பல் பாய்மரங்களே தாழ்வாரக் கூரைக்கு முட்டுக்கொடுக்கும் நிலை வந்தது. ஆன் பமேலா கன்னிங்ஹாம் தொடங்கிய பெண்கள் சங்கம், 1858-இல் மூன்றாம் ஜான் அகஸ்டின் வாஷிங்டனிடம் 2,00,000 டாலருக்கு வீட்டையும் சுமார் 200 ஏக்கரையும் வாங்க ஒப்பந்தம் செய்து, நாடெங்கும் நன்கொடை திரட்டி மீட்டது.

அந்த ஆண்டின் நிலையைக் காட்டும் இரண்டாவது தாழ்வாரம் ஒன்றைக் கழற்றி மாட்டும்படி செய்துகொண்டிருக்கிறேன். பாய்மரங்களுக்கு மூங்கில் குச்சிகளை இழைத்து வைத்திருக்கிறேன். வண்ணம் உரிந்த தோற்றத்தை இந்த வாரம் முயன்று பார்க்க வேண்டும்.