பள்ளிப் பிள்ளைகள் வாங்கிய புகை

மகனின் அறிவியல் புத்தகத்தில் அமில மழைப் பாடம். அதைப் பார்த்ததும் அமெரிக்கக் கதை ஞாபகம் வந்தது. 1990ல் சட்டம் போட்டார்கள்: அனல்மின் நிலையங்கள் விடும், அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடு வாயுவுக்கு மொத்தமாக ஒரு உச்சவரம்பு, டன்னுக்கு ஒரு அனுமதிச் சீட்டு. மிச்சம் பிடித்தவர் விற்கலாம். 1995ல் அமலுக்கு வந்தது.

ஆலைக்காரர்களில் சிலர் புகையில் சுண்ணாம்புக் கரைசல் தெளித்துக் கந்தகத்தைப் பிடித்தார்கள். பலர் வயோமிங் மாநிலத்திலிருந்து கந்தகம் குறைந்த நிலக்கரியை ரயிலில் இறக்கினார்கள். அதுதான் மலிவு. (காசு மிச்சம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?)

எனக்குப் பிடித்தது வேறு. நியூயார்க் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து ஏலத்தில் சீட்டு வாங்கினார்கள். விற்பதற்கு அல்ல, பூட்டி வைப்பதற்கு. அத்தனை டன் வாயுவை இனி எந்த ஆலையும் விட முடியாது!